மாதா கையில் தொங்கிய தாலி

வேலைக்காகக் கட்டிக்கொண்ட தாலியை, வேலை முடிந்ததும் கழற்றலாமா, கூடாதா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. (கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். தோன்றிவிட்டுப் போய்விடும்.)

ஒதியம்பட்டில் எங்கள் தெருவில் அப்போது டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். வாரா வாரம் ஓர் உளவாளி நாடகம் வரும். கடத்தல்காரனைப் பிடிக்க இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பார்கள். மூவரும் ரகசியப் போலீஸ். ஊருக்கு அவர்கள் மாமனார், மகன், மருமகள். அந்தப் பெண் கழுத்தில் சர்க்கார் செலவில் ஒரு தாலி.

எனக்கு அந்தச் சமயம் பாகூர்ப் பக்கம் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. கைக்குழந்தையை என் மாமியார் பார்த்துக்கொண்டால்தான் நான் போக முடியும்.

"நாடகம் முடியட்டும். வேலைக்குப் போற பொம்பள கடைசில இன்னா ஆவுறான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். என் உத்தியோகம் ஒரு கதாசிரியரின் கையில் இருந்தது.

கடைசி வாரம் அக்டோபரில் வந்தது. அது ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாக வரும். ஒரு நாள் தங்கி, மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்குப் பவனியாகப் போகும். அன்று எங்கள் வீட்டில் இருந்தது. வீட்டிலேயே உயரமான இடம் டிவிப் பெட்டிதான் என்பதால், அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, மல்லிகை மாலை போட்டு வைத்திருந்தோம். ஜெபமாலை வழக்கத்தைவிட வேகமாகவே முடிந்தது. (அவசரப்பட்டது நான் மட்டுமில்லை. எல்லோருமேதான்.)

நாடகத்துக்கு நேரம் இருந்தது. பேச்சு அந்த நாடகப் பெண்ணின் தாலிக்கு வந்தது. வேலை முடிந்தால் கழற்றிவிடலாம் என்றேன் நான்.

"ஊர் பாக்கக் கட்டிட்டா அது தாலிதான்டி" என்றார் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா. "வேசமாவது ஒண்ணாவது."

"ஏங்க்கா, போன கிறிஸ்மஸ் டிராமால உங்க வூட்டுக்காரர் ஏரோது ராஜா வேசம் போட்டாரே. அவரு புள்ளைங்கள வெட்டுனவருன்னு போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடலாமா?" என்றேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய் பேசறது சுலபம். எங்க, உன்னுதக் கழட்டு பாக்கலாம்."

கழற்றினேன். புறா பொறித்த என் தாலிச் செயினைக் கழற்றி, கைக்கு எட்டிய இடத்தில் மாட்டினேன். கைக்கு எட்டியது மாதாவின் கை.

"கழட்டிட்டேன். கல்யாணம் போயிடுச்சா?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாமியார் வாயைத் திறப்பதற்குள், அடுத்த முறைக்காரர், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார், ஆட்களோடு வந்துவிட்டார். நாடகத்துக்கு முன்னால் சுரூபம் போய்ச் சேர வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். தூக்கினார்கள், பாடினார்கள், போனார்கள். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன்.

டிவியில் நாடகத்தின் பெயர் வரும்போது கழுத்தைத் தடவினேன். அதே நேரத்தில் மாமியாரும் என் கழுத்தைப் பார்த்தார்.

குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் ஓடினேன். என் பின்னால் மாமியார். அவர் பின்னால், நாடகத்தைவிட இது நன்றாக இருக்கும் என்று முடிவு செய்த மொத்தத் தெரு.

உபதேசியார் வீட்டில் எல்லோரும் முழந்தாளில் இருந்தார்கள். தாலியையே காணிக்கையாகப் போடும் அளவுக்குத் துன்பப்படும் யாரோ ஒரு பெண்ணின் புருஷனுக்கு நோய் தீர வேண்டுமென்று ஜெபம் நடந்துகொண்டிருந்தது. (என் கணவருக்கு இருந்த ஒரே நோய் தூக்கம்.)

"மாதாவுக்குப் போட்டத திருப்பிக் கேக்கறதாம்மா?" என்றார் உபதேசியார். "பங்குச் சாமியார்கிட்டதான் ஒப்படைப்பேன். உனக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

மாமியார் முன்னால் வந்தார்.

"இன்னா உபதேசியாரே, மனசார நேர்ந்துக்கினு போட்டாதான காணிக்கை? இவ சும்மா பேச்சுக்கு மாட்டுனா. கையால மாட்டுனதெல்லாம் நேர்ச்சை ஆயிடுமா?"

"அத்தை, அதையேதான நானும்..."

"வாய மூடிக்கினு தாலியப் போடுடி."

போட்டுக்கொண்டேன். பாதி வழி வந்ததும் மாமியார் நின்றார். பிறகு, "திங்கக்கெழம பாகூருக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

திரும்பி வந்தபோது டிவியில் செய்தி ஓடியது. கணவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தை முழுசாகப் பார்த்தவள் என் மகள் ஒருத்திதான். அவளுக்கு அப்போது பேச்சு வரவில்லை.

இப்போது நன்றாக வருகிறது. நான் பிஸ்கட் கொடுத்துக் கேட்டால், "கழட்டிட்டாங்கம்மா" என்கிறாள். மாமியார் முறுக்கு கொடுத்தால், "கழட்டவே இல்ல." நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் கணவர் என் கழுத்தைப் பார்த்து, "இருக்குதா? இல்ல, எனக்கு மறுபடி உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்.

இந்த அக்டோபரில் மாதா மறுபடி வருகிறாள். டிவிதான் இன்னும் உயரமான இடம். "அங்கயே வை. நீ மட்டும் தள்ளி நில்லு" என்கிறார் மாமியார். நான் தள்ளி நிற்கப் போவதில்லை.

அந்தக் கடைசி வாரத்தைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். கழற்றினாள் என்றால் அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? கழற்றவில்லை என்றால் எப்படி மறைப்பது? இரண்டுக்கும் யோசனை தேவை.