சாமிக்கு மட்டும் ஆபீஸ்

மிதவைப் பாலப் பராமரிப்புக் கழகத்தைப் பற்றித் தெரியாதவர்கள் பாங்காக்கில் இருக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள். நாட்டில் மிதவைப் பாலம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் பராமரிப்பு ஒருநாளும் நின்றதில்லை. நானே பதினேழு வருடமாகக் கோப்புப் பிரிவில் உட்கார்ந்து பராமரித்து வருகிறேன்.

இப்பேர்ப்பட்ட கழகத்தில்தான் கடிதப் பிரிவு ரச்சனி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எட்டாவது மாடியில் அவள் வீடு. படகு, ரயில், அப்புறம் மோட்டார்சைக்கிள் டாக்சி என்று வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம். ஆறு வயது மகள் கைமுக், அம்மா கிளம்பும்போதும் தூங்குவாள், பாக்கி வேலையெல்லாம் முடித்து அம்மா வந்து சேரும்போதும் தூங்குவாள். பகலில் பக்கத்து வீட்டு அத்தைதான் துணை. வீட்டில் வேலை செய்பவருக்கும் ஆபீஸில் இருப்பவருக்கும் ஒரே உரிமை என்று சட்டம் வந்ததும், ரச்சனி விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினாள்: 'மகளோடு உட்கார்ந்து ராத்திரிச் சோறு சாப்பிட வேண்டும்.'

பணியாளர் நலத் தலைவர் தாவோர்ன் தங்கமான மனிதர். யாருக்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார். அவரிடம் போய் எந்தக் காரியமும் முடிந்ததும் கிடையாது.

"உரிமைல ஒரு இம்மி குறைய விடமாட்டேம்மா. ஆபீஸ்ல உங்களுக்கு என்னென்ன இருக்கோ, அத்தனையும் வீட்லயும் இருக்கணும்."

"எனக்கு ஒரு மேசையும் இன்டர்நெட்டும் போதும் சார்."

"போதும்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்ல."

உடனே ஆய்வுக் குழு அமைந்தது. தலைவர் அவர், குறிப்பெழுத நான். ஒரு சனிக்கிழமை ரச்சனி வீட்டுக்குப் போனோம். தீயணைப்பு ஒத்திகைக்காகக் கைமுக் பொம்மையோடு எட்டு மாடி இறங்கி ஏறினாள். திருப்தி. ஃப்ரிட்ஜ் கதவு அறிவிப்புப் பலகையாக அங்கீகரிக்கப்பட்டது. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தபோது தாவோர்ன் திடுக்கிட்டு நின்றார்.

"காவல் சாமி எங்க?"

எங்கள் ஆபீஸ் வாசலில் தூண்மேல் நிலத்துக் காவல் சாமியின் மாடம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அதற்குச் சிவப்பு சோடா ஊற்றி, ஸ்ட்ரா போட்டு வைத்த பிறகுதான் யாரும் கோப்பைத் தொடுவோம்.

"கீழ கேட்ல இருக்கே சார். வரும்போது நீங்களே கும்பிட்டீங்களே."

"அது குடியிருப்புச் சாமிம்மா. குடியிருக்கறவங்களைப் பாத்துக்கும். அலுவல் பாக்கறவங்களைக் காப்பாத்த அதுக்கு அதிகாரம் கிடையாது."

"அப்ப பால்கனியில சின்னதா ஒண்ணு வெச்சுடறேன்."

மாடத்தின்மேல் வீட்டு நிழல் விழக்கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பால்கனிக்கு மேலே ஒன்பதாம் மாடிப் பால்கனி நிழல் தந்துகொண்டு நின்றது. தாவோர்ன் அளவு நாடாவோடு கூடம், சமையலறை, குளியலறை என்று எல்லா இடத்திலும் நிழலைத் தேடினார். எல்லா இடத்திலும் கிடைத்தது. மணி பன்னிரண்டு. எனக்கோ பசி. தெருமுனைக் கடையில் பன்னிரண்டரைக்கு மேல் வாத்து நூடுல்ஸ் மிஞ்சாது.

"நம்ம ஆபீஸ் மொட்டை மாடியில நிழலே இல்லியே சார். இவங்க சாமியை அங்க வெச்சுட்டா?" என்றேன்.

தாவோர்ன் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. வேலை வீட்டில், சாமி ஆபீஸில் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. சோடாவை அவரவர் கையால்தான் வைக்க வேண்டும், காலை எட்டு மணிக்கு. மாலை ஐந்துக்கு அவரவரே வந்து டம்ளரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு வரும்.

"அப்ப நான் தினம் ரெண்டு தடவை வரணுமா சார்?"

"வேலைக்கா வரச் சொன்னேன்? வேலை முழுக்க வீட்லதான். அதுல யாரும் கைவைக்க முடியாது!"

முன்பு ரச்சனிக்கு நாளொன்றுக்கு நாலு மணி நேரப் பயணம். இப்போது எட்டு. ஏழு மணிக்கு வீடு திரும்பி, விட்ட வேலையைச் செய்ய உட்காருவாள். அலுவல் நேரம் ஐந்தோடு முடிந்துவிடுவதால் அது அவளது சொந்த விருப்பமாகக் கருதப்பட்டது. சரியாக ஏழு மணிக்குத் தாவோர்ன் போன் செய்வார்.

"ஆபீஸ் நேரத்துக்கப்புறம் போனை எடுக்காம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கும்மா. அதைப் பயன்படுத்தறீங்களான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்."

"எடுத்துட்டேனே சார்."

"அதான் வருத்தமா இருக்கு."

மறுநாள் அவள் எடுக்கவில்லை. சரிபார்ப்புக்கு ஒத்துழைக்காதது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

மூன்று மாதம் கழித்து மறுஆய்வு. நாங்கள் போனபோது மாலை ஐந்தரை. ரச்சனி டம்ளர் எடுக்கப் போயிருந்தாள். அத்தை கதவைத் திறந்தாள். கூடத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் கைமுக் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சிவப்பு சோடா, ஸ்ட்ராவோடு.

"யாருக்கு பாப்பா இது?" என்றார் தாவோர்ன்.

"எனக்குத்தான். நான்தான் சாமி."

"அடேங்கப்பா! சாமியா இருந்தா என்ன கிடைக்கும்?"

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அம்மா வந்து பாக்கும். எவ்ளோ தூரமா இருந்தாலும் வரும்."

யோசனை சொன்ன வாய் இதுதானே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து, "இதைக் குறிப்புல எழுதிடலாமா சார்?" என்று கேட்டேன்.

"தாராளமா எழுது நிபோன். எந்தக் கட்டத்துல எழுதுவ?"

படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படி ஒரு கட்டம் இல்லை. 'குறைகள்: எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி வேறொரு கடையில் வாத்து நூடுல்ஸ் இறங்கவே இல்லை. ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

குறைகளே இல்லாத திட்டம் என்பதால் அதைக் கழகம் முழுவதற்கும் விரிவாக்கினார்கள். நாற்பத்திரண்டு பேரும் விண்ணப்பித்தோம். கிடைக்கிற உரிமையை யாராவது விடுவார்களா? மொட்டை மாடியில் மாடங்களுக்கு இடம் ஒதுக்கியபோது என் முறை வந்தது.

"தண்ணித் தொட்டியைத் தள்ளி, ஆத்தைப் பாத்த மூலை கொடுங்க சார். காத்து வரும்."

"அங்க ரச்சனி சாமி இருக்கேப்பா."

"இருக்கட்டும் சார். சீனியர் நான்தானே?"

கோப்பைப் பார்த்தார். நான்தான் சீனியர். கொடுத்துவிட்டார்.