குறை: தாய்வழி

இந்த உலகத்தில் அப்பாக்களுக்கு முழு நியாயம் கிடைத்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது சுண்டெலியின் உடம்பு. கோர்ட்டில் கிடைக்காதது, வீட்டில் கிடைக்காதது, பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் நிச்சயமாகக் கிடைக்காதது, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பிராணிக்குள் நமக்குக் கிடைத்திருக்கிறது. இதை உலகுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே பிறந்தவர் அந்த ஆய்வுக்கூடத்தின் மூத்த விஞ்ஞானி. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'பெரிய சார்'.

விஷயம் எளிது. குட்டி எலிக்கு எந்த மரபணுவும் இரண்டு பிரதியாக வரும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெரும்பாலும் இரண்டுமே வேலை செய்யும். சிலவற்றில் மட்டும் ஒரு பிரதியின் மேல் 'பேசாதே' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். வயிற்றிலிருக்கும் குட்டியை 'வளர், வளர்' என்று விரட்டும் மரபணு ஒன்று இந்த வகை. அதில் அம்மாவின் பிரதி வாய்மூடிக் கிடக்கும். அப்பாவின் பிரதி ஆட்சி செய்யும். அம்மா கொடுத்தது பழுதாக இருந்தால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. அப்பா கொடுத்தது பழுதானால், குட்டி பாதிக்குக் கொஞ்சம் மேலான எடையில், பரிதாபமாகப் பிறக்கும்.

"ஆகவே வளர்ச்சி என்பது தந்தைவழி" என்று சொல்லிவிட்டுப் பெரிய சார் கூட்டங்களில் தண்ணீர் குடிப்பார். முன்வரிசை அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொரு மரபணுவும் உண்டு. அதில் அப்பாவின் பிரதி ஊமை, அம்மாவின் பிரதி பேசும். அது பேசுவது 'போதும், நிறுத்து' என்று. அது பேசாமல் போனால் குட்டி அளவுக்கு மீறிப் பெருத்து, பிறக்கிற சமயத்திலேயே பெரும்பாலும் செத்துப்போகும். இது பெரிய சாரின் உரையில் பதினேழாவது படம். பதினாறு முடிந்ததும் "நேரமின்மை காரணமாக" என்று சொல்லிப் பதினெட்டுக்குத் தாவிவிடுவார். அரைமணி மிச்சமிருந்த நாள்களிலும் நேரமின்மை தவறாமல் வந்து உதவியது.

வீட்டிலும் அவர் ஆராய்ச்சியை விட்டவரில்லை. பையனுக்குப் பதினைந்து வயது. அவன் உயரம் தந்தைவழி. கணக்குப் பரீட்சை தாய்வழி. பாட்டுப் போட்டியில் வாங்கிய பரிசு தந்தைவழி, காலையில் எழுந்திருக்காதது தாய்வழி. அவர் மனைவி பல் மருத்துவர். பிறர் வாயைத் திறக்கவைப்பதும் மூடவைப்பதும் அவருக்குத் தொழில்.

"வளரு வளருன்னு சொல்றது சுலபம்," என்பார் அவர். "சுமக்கிறது யாரு? அடுத்த பிரசவத்துக்கு உடம்புல தெம்பு மிச்சம் வைக்கணும்னு யோசிக்கிறது யாரு? உங்க எலிக்கே அது தெரிஞ்சிருக்கு."

"அதெல்லாம் பதினேழாவது படத்துல வரும்," என்பார் பெரிய சார்.

இப்படியிருக்கையில் ஆய்வுக்கூடத்தில் 'ஒரு நாள் ஊழியர்' என்ற மகத்தான திட்டம் வந்தது. மேலே இருப்பவர்கள் ஒரு நாள் கீழே இறங்கி, கீழே இருப்பவர்களின் வேலையைச் செய்து, போட்டோ எடுத்துக்கொண்டு மேலே போய்விட வேண்டும். இயக்குநர் ஒரு ஜன்னலைத் துடைத்தார். பெரிய சார் எலிக்கூடத்துக்குப் போனார்.

எலிக்கூடத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் எலி அக்கா. கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, எந்தக் கூண்டில் எது எதற்குப் பிறந்தது என்று கார்டு எழுதி மாட்டுவது எல்லாம் அவள் வேலை. அன்று பேனாவைப் பெரிய சார் வாங்கிக்கொண்டார். பதின்மூன்றாம் கூண்டில் பழுது அப்பா எலிக்கு. பதினான்காம் கூண்டில் பழுது அம்மா எலிக்கு. இரண்டு கார்டையும் அச்சுப்போன்ற கையெழுத்தில் நிரப்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா கார்டை எட்டிப் பார்த்தாள். "சார், ரெண்டுலயும் 'குறை: தாய்வழி'ன்னு எழுதியிருக்கீங்க. பதிமூணுல அப்பா எலிக்குத்தானே பழுது?"

"ஏம்மா, முப்பது வருஷமா நான் பார்க்காத எலியா?" என்றார் பெரிய சார்.

ஒரு மாதம் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். மூவருக்கும் ஒரே மாதிரி கோப்பு, ஒரே மாதிரி இருமல். அவர்கள் இரண்டு கூண்டின் முன்னாலும் நெடுநேரம் நின்றார்கள்.

"சார், கார்டு ரெண்டும் ஒண்ணு. இந்தக் கூண்டுல குட்டிங்க பயறு மாதிரி கிடக்கு. அந்தக் கூண்டுல கொழுகொழுன்னு இருக்கு. எப்படி?" என்றார் குழுத் தலைவர்.

பெரிய சார் கண்ணாடியைத் துடைத்தார். "இது ஒரு புதிய கண்டுபிடிப்பா இருக்க வாய்ப்பு உண்டு."

"அப்ப உங்க முப்பது வருஷக் கட்டுரையெல்லாம் தப்பா?"

புதிய கண்டுபிடிப்பு, பிறந்த நாற்பதாவது விநாடியில் காலமானது. "கார்டுல தப்பு நேர்ந்திருக்கலாம்," என்றார் பெரிய சார்.

"கார்டுக்கு யார் பொறுப்பு?"

எல்லோரும் எலி அக்காவைப் பார்த்தார்கள். பெரிய சாரும் பார்த்தார். எல்லோரும் பார்க்கிற பக்கம் பார்ப்பது சபை நாகரிகம்.

பதிவேட்டில் பிழை என்றால் யாரோ ஒருவர் வேலையை விட்டுப் போயாக வேண்டும் என்பது விதி. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை என்று தலைவர் அறிவித்தார்.

அன்று சாயங்காலம் பல் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கார்டை எழுதினது யாரு?"

"அது வந்து, பொறுப்புன்னு பார்த்தா..."

"பொறுப்பைக் கேக்கல. பேனா யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதான்."

"ரெண்டுலயும் ஏன் தாய்வழின்னு எழுதினீங்க?"

பெரிய சார் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். 'குறை' என்று எழுதி முடித்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம். "கை தானாப் போயிடுச்சு," என்றார்.

சோபாவில் படுத்திருந்த பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் கை எந்த வழிப்பா?" என்றான்.

"அந்தம்மாவுக்கு ரெண்டு பொண்ணு படிக்குது," என்றார் மனைவி. "காலையில போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

பெரிய சார் கண்ணாடி முன் நின்று உண்மையை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். குரல் லேசாகத் தழுதழுக்கும் இரண்டாவது விதம் அவருக்கே பிடித்திருந்தது. தப்பை ஒப்புக்கொள்வதில்கூட எடுப்பாக நிற்கப் பார்க்கிறோமே என்று ஒரு கணம் வெட்கப்பட்டார். அந்த வெட்கமும் முகத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

பத்து மணிக்கு எழுந்து நின்றார். "அந்தக் கார்டுகளை எழுதியவன் நான்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், கீழ வேலை பார்க்கிறவங்க தப்பைத் தன் தலைமேல போட்டுக்கிற மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்றார். மூவரும் கைதட்டினார்கள்.

"இல்ல, நிஜமாவே நான்தான். போட்டோ இருக்கு."

போட்டோ வந்தது. தலைவர் புன்னகைத்தார். "இது 'ஒரு நாள் ஊழியர்' போட்டோ. இந்த மாதிரிப் படத்துல யாரும் நிஜமா வேலை செய்ய மாட்டாங்க சார். நானும்தான் எங்க ஆபீஸ்ல மண்வெட்டியோட நின்னேன்."

"கையெழுத்தைப் பாருங்க."

"பதினோரு வருஷமா உங்க கையெழுத்தைப் பார்க்கிறவங்க. படிஞ்சிருக்கும்," என்றார் இரண்டாமவர். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சார்தான் எழுதினாரு. தப்புன்னு அன்னிக்கே சொன்னேன்."

"அதாவது, தப்புன்னு தெரிஞ்சும் மாத்தாம விட்டிருக்கீங்க. கவனக்குறைவு."

"மாத்தியிருந்தா?"

"அது ஆவணத் திருத்தம். அதுக்கும் வேலை போகும்."

நடுநிலைமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துத்தான் அவளை வெளியே அனுப்பினார்கள். பிறகு 'பெருந்தன்மையைப் பாராட்டி' என்று தொடங்கும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. அதில் பெரிய சாருக்குப் பதவி இரண்டு வருஷம் நீட்டிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது தடவையும் எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்ல அவர் உண்மையாகவே நினைத்தார். முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. முழங்கால் தாய்வழி.

மத்தியானம் எலிக்கூடத்துக்குப் போனார். அக்கா சாவிகளை மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"பதிமூணாம் கூண்டுல இருக்கிற சின்னதுங்களுக்குப் பஞ்சு கொஞ்சம் கூடவே வைக்கச் சொல்லுங்க சார். குளிர் தாங்காது. எட்டாம் கூண்டுல நாளைக்குப் பிரசவம், யாரும் கிட்டப் போக வேண்டாம்."

"நான் ஒத்துக்கிட்டேம்மா. நீயே பார்த்தியே."

"பார்த்தேன் சார்."

இந்த முறை எதிரே கண்ணாடி இல்லாததால், பெரிய சாருக்குத் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வேற இடத்துல வேலை தேடுறப்போ உதவும். உன்னைப் பத்தி நல்லதா ஒரு சான்றிதழ் எழுதித் தரட்டுமா?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் சார்," என்றாள். "நீங்க எழுதினதாலதான் நான் வீட்டுக்குப் போறேன்."