பூமியைக் கண்டுபிடித்தவள்

“ஏம்மா, நட்சத்திரத்துக்கு எங்க எலும்பு கீது, நீ எக்ஸ்ரே எடுக்கறதுக்கு?”

கோலியனூரில் லோடு ஆட்டோ ஓட்டும் என் மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், எம்.எஸ்சி. இயற்பியல் வேறு. சும்மா விடுவேனா?

“நான் எடுக்கல மாமா, அதுவே அனுப்புது” என்று விளக்கினேன். ராட்சச நட்சத்திரம் ஒன்று. அதற்கு ஜோடியாக, செத்துச் சுருங்கிய இன்னொன்று. செத்தது பெரியதன் வாயுவை உறிஞ்சிக்கொண்டே சுழலும். போலீஸ் ஜீப்பின் மேல்விளக்கு மாதிரி, எக்ஸ் கதிர் விட்டுவிட்டு நம் பக்கம் அடிக்கும். அந்தத் துடிப்பைக் காட்டிவிட்டால் அது பல்சார்.

அப்படி ஒன்றை, செயற்கைக்கோள் பதிவுகளில் நான் பிடித்துவிட்டேன்! தொண்ணூற்றாறு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. என் ஆசிரியரிடம்கூடக் காட்டவில்லை. (நேரே மேடையில் அசத்த வேண்டுமாம். திமிரைப் பாருங்கள்.)

மேடை, திண்டிவனத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், பேசுகிறவர்களில் ஒருவரைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. அது கிடைக்காவிட்டால், என் வானம் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு மேலே இருப்பதோடு சரி.

மாமாவின் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். அம்மா மடியில் ஒரு தூக்கு அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, “சாருங்களுக்கு.” விக்கிரவாண்டி தாண்டும்போதே பயம் பிடித்துக்கொண்டது. என் ஆங்கிலத்துக்குப் பயந்தேன். புரொஜெக்டருக்குப் பயந்தேன். அம்மா எழுந்து ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

ஒரு வழியாகப் பேசி முடித்தேன். பேராசிரியர் கேட்டார்:

“இந்தச் செயற்கைக்கோள் பூமியை ஒருதரம் சுத்த எவ்ளோ நேரம் ஆகும்மா?”

தெரிந்த கேள்வி! “தொண்ணூத்தாறு நிமிஷம் சார்!” என்று கத்தினேன். கடைசி வரிசையில் அம்மா கைதட்டினாள்.

அவள் தட்டி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி நடுவே வந்து நட்சத்திரத்தை மறைத்திருக்கிறது. துடித்தது நட்சத்திரமே இல்லை. பூமி பிளந்து என்னை இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. (அதுவும் அதே பூமிதான்.)

“சார்... நான் பூமியைக் கண்டுபிடிச்சிருக்கேன்.”

அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “மறைஞ்ச நேரத்தையெல்லாம் வெட்டிட்டுத் தேடும்மா. ஏதாச்சும் கிடைச்சா அனுப்பு.”

இடம் வேறொருவருக்குப் போனது.

திரும்பும்போது, “இன்னாம்மா, பேஜாரா?” என்றார் மாமா. அழுதுகொண்டே சொன்னேன். அம்மா மல்லாட்டையை உரித்தபடி கேட்டாள்: “ஏண்டி, பூமி ஏற்கெனவே இருந்துச்சா?”

இன்றும் வீட்டில் ஆட்டோ சாவி காணாமல் போனால், “அவளைக் கூப்பிடு, பூமியையே கண்டுபிடிச்சவ” என்கிறார் மாமா.

சொல்லிக்கொள்ளட்டும். மறைந்த நேரங்களை வெட்டியெறிந்துவிட்டுத் தேடினேன். பதினான்கு நிமிடத்துக்கு ஒன்றாக, மெல்லிய துடிப்பு மிச்சமிருந்தது. (தொண்ணூற்றாறு பதினான்கால் மீதியில்லாமல் வகுபடாது, அதனால் இது பூமியின் வேலை இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.) வேறொரு செயற்கைக்கோளின் பதிவிலும் அதே பதினான்கு. இன்று காலை அதை அந்தப் பேராசிரியருக்கே அனுப்பிவிட்டேன்.