மம்மி மாமியும் உப்பில் கிடந்த மீனும்

எழுபதுகளில் துபாயில் குடியிருந்த தமிழர்களில், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களுக்காக நேற்றுத்தான் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர் மாதிரிக் கவலைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். தேரா பகுதியில் இருந்த எங்கள் பில்டிங்கின் மம்மி மாமி.

மாமி சென்னையில் சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, பழைய எகிப்தைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கிய நேரத்தில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு துபாயில் அக்கவுண்டன்ட் வேலை. மேப்பை விரித்து, துபாய்க்கும் எகிப்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை என்று பார்த்த பிறகுதான் தலையாட்டினாராம்.

நான் எதிர் ஃபிளாட்டில் இருந்த தூத்துக்குடி ஆசாமி. ஏ.சி. மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில்.

எகிப்தியச் சித்திர எழுத்து மாமிக்குத் தாய்மொழி மாதிரி. பருப்பைக் கடைந்துகொண்டே பழைய பேப்பரில் பாம்பும் பருந்தும் வரைவார். ஒருநாள் கைப்பழக்கத்தில் மளிகைச் சீட்டின் கடைசி வரியிலும் அப்படி ஒரு படத்தைப் போட்டுவிட்டார். கீழே கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக் காக்கா (அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) சீட்டோடு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"மாமி, அரிசி, உளுந்து எல்லாம் கட்டிட்டேன். ஆந்தை மட்டும் நம்மகிட்ட ஸ்டாக் இல்லையே!"

"அது ஆந்தை இல்லை, காக்கா. எகிப்துல அதுதான் 'ம'. மிளகாய்க்கு ஆரம்பிச்சேன்."

முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கும் வீடு அது. அந்த வீட்டு மாமி ஒரு வெள்ளிக்கிழமை என் கதவைத் தட்டினார்.

"செல்வம், ரெண்டு மீன் வாங்கிண்டு வா."

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று இன்னொரு முறை கேட்டேன்.

"எகிப்துல மம்மி பண்றதுக்கு, செத்த உடம்பை உப்புத் தண்ணியில ஊறப்போட்டான்னு பழைய புஸ்தகத்துல இருக்கு. இல்லை, காஞ்ச உப்புலதான் புதைச்சான்னு புதுப் புஸ்தகம் சொல்றது. ரெண்டையும் பண்ணிப் பாக்கணும். அங்கே வறண்ட காத்து. இந்த துபாய் வேர்வைக் காத்துல அது நடக்குமா?"

இரண்டு சங்கரா மீன் வந்தது. என் அடுப்படியில் அறுவை சிகிச்சை. மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று உத்தரவு போட்டார்.

"முதல்ல மூளையை மூக்கு வழியா எடுக்கணும்."

"மாமி, மீனுக்கு மூக்கு எங்க இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "சரி, செவுள் வழியா எடு. ஆனா மரியாதையா எடு."

சமையல் உப்பு, வாஷிங் சோடா, ஆப்ப சோடா மூன்றையும் கலந்து எகிப்திய உப்பு தயாரானது. ஒரு மீனை அதைக் கரைத்த பக்கெட்டில் போட்டு பால்கனியில் வைத்தோம். இன்னொன்றைப் பிஸ்கட் டப்பாவில் காய்ந்த உப்புக்குள் புதைத்தோம். டப்பாவில் எறும்பு ஏறியதால் அது மாமி வீட்டு பெட்ரூமுக்குள், ஏ.சி.க்குக் கீழே போயிற்று. மாமா பாவம், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மீன் என்று தூங்கினார்.

பக்கெட் மீன் சில நாளிலேயே ஊரைக் கூட்டிவிட்டது. பட்டாணிய வாட்ச்மேன் "கோன் மர் கயா?", யார் செத்தது என்று ஃபிளாட் ஃபிளாட்டாக மோப்பம் பிடித்தான். மாமா கதவைத் திறந்து, "ஹம் வெஜிடேரியன் ஹை பாய்" என்றார். வாட்ச்மேன் அவரை வணங்கிவிட்டு நேராக என் கழுத்தைப் பிடித்தான். பக்கெட்டைக் கடலில் கொட்டிவிட்டு வந்தேன்.

டப்பா மீன் மட்டும் ஒன்றரை மாதத்தில் கட்டை மாதிரிக் காய்ந்து, துளி வாடை இல்லாமல் வெளியே வந்தது. மாமி அதற்குத் துணி சுற்றினார். தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில், மிமிக்ரிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே பேச இடம் கிடைத்தது. நான் ஒரு முந்திரிக்கொட்டை வேலை செய்தேன். அல் ஐன் ஊர் யுனிவர்சிட்டியில் சரித்திரப் பாடம் நடத்த வந்திருந்த எகிப்தியப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு நான்தான் ஏ.சி. மாட்டியிருந்தேன். அவரை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

அவருக்காக மாமி இங்கிலீஷிலேயே பேசினார். மீனைக் காட்டி, துபாயின் ஈரக் காற்றிலும் மம்மி செய்ய முடியும் என்று முடித்தார். சிரிப்பும் கைதட்டலும் அடங்கிய பிறகு பேராசிரியர் எழுந்தார்.

"மேடம், இந்த டப்பா எங்கே இருந்தது?"

"பெட்ரூமில்."

"அங்கே ஏ.சி. உண்டா?"

"உண்டு."

"அப்படியானால் இதைக் காயவைத்தது உப்பு மட்டுமல்ல, ஏ.சி.யும்தான். துபாய்க் காற்றைப் பற்றிய உங்கள் முடிவு செல்லாது."

ஹாலே சிரித்தது. செயலாளர் அவசரமாக மைக்கைப் பிடித்துச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த ஏ.சி.யை மாட்டியவனும் நான், இந்த மனிதரை அழைத்து வந்தவனும் நான்.

திரும்பும்போது டாக்ஸியில் மாமா மெல்ல ஆறுதல் சொன்னார். "விடு, பொழுதுபோக்குக்குப் பண்ணினதுதானே."

மாமி அவர் பக்கம் திரும்பினார். அழவில்லை. ஜொலித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, இத்தனை வருஷமா எல்லாரும் என்னைப் பாத்து 'ஆஹா'ன்னுதான் சொன்னா. இவர் ஒருத்தர்தான் தப்புன்னார். நான் சொன்னதைக் காது குடுத்துக் கேட்டாத்தானே தப்புன்னு சொல்ல முடியும்? செல்வம், நாளைக்கு இன்னொரு மீன்!"

ஆகஸ்ட் மாதம். டப்பா ஏ.சி. இல்லாத ஹாலில், திறந்த ஜன்னலோரம். குளிர் கசிந்துவிடும் என்று பெட்ரூம் ஏ.சி.யையும் மாமி நிறுத்திவிட்டார். ஈரக் காற்றில் உப்பு கஞ்சியாகக் குழைந்தது. மாற்ற மாற்றக் குழைந்தது. அதுவரை மீன் பக்கமே திரும்பாத மாமா, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, டூட்டிக்குக் கிளம்பும் முன் தினமும் புது உப்பு போட்டார்.

மீன் காய்ந்தது.

சேதி கேட்டுப் பேராசிரியரே அல் ஐனிலிருந்து காரோட்டி வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அழுத்தினார், முகர்ந்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல நின்றோம்.

"ஈரக் காற்றிலும் முடியும், உப்பை விடாமல் மாற்றினால்," என்றார் கடைசியில். "என் வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன். யார் செய்தது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் முழுப்பெயர் என்ன, மேடம்?"

மாமி வாய் திறப்பதற்குள் மாமா ஒரு எட்டு முன்னால் வந்தார். யாரிடமும் குரலை உயர்த்தி அறியாத மனிதர், கீழே கடையில் இருக்கும் காக்காவுக்கும் கேட்கிற மாதிரி மனைவியின் பெயரைச் சொன்னார். இழுத்து, நிறுத்தி, கடைசியில் "எம்.ஏ." என்றும் சேர்த்தார்.

எதிர் ஃபிளாட்டுக்காரன் என்பதைத் தவிர எனக்கு அவர்களிடம் ஒரு உறவும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் என்று அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.