மாமனாருக்கு வளர்த்த ஆவாரை

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளைக்கு வாய் நீளும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. அதன் பலனாக, ஐம்பதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் ஒரு புதுப்பெண் புகுந்த வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றாள். அந்தப் பெண் என் மனைவி. வீடு என்னுடையது. குற்றமும் என்னுடையதுதான்.

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. காவலூருக்குப் பக்கத்தில் ஒரு மலை ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை. எனக்குப் பேசி முடித்த ஜைத்தூனும் வாணியம்பாடிதான். அவள் அப்பா பட்டை மண்டி வைத்திருந்தார். (அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டை வேண்டும். மலைக்காரர்கள் காட்டில் ஆவாரையை வெட்டி, பட்டை உரித்து, கட்டுக்கட்டாக அவர் மண்டியில் கொண்டுபோய்ப் போடுவார்கள்.) நிச்சயத்துக்குப் போய்வந்த என் அக்கா, பெண் சொன்னதாக ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"நகை வேணாமாம், பட்டு வேணாமாம்டா. பொறந்ததுலேர்ந்து பட்டை நாத்தத்துலயும் தோல் நாத்தத்துலயும் மூக்கப் பொத்திக்கினு கெடந்துச்சாம். அந்த நாத்தம் இல்லாத வூடு வேணுமாம். வாசல்ல நாலு பூ இருந்தா போதுமாம்."

"நாலு பூவா? பூந்தோட்டமே வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றேன்.

அன்றைக்கு என் வாசலில் இருந்தது ஓர் உடைந்த பானை.

ஜைத்தூனின் அண்ணன் கல்யாணம் முடிந்துதான் எங்கள் நிக்காஹ் என்பதால் இரண்டு வருஷம் அவகாசம் இருந்தது. முதலில் கீழேயிருந்து ரோஜாவும் குரோட்டன்ஸும் கொண்டுவந்து நட்டேன். ரோஜாவை ஆடு தின்றது. குரோட்டன்ஸை ஆடு கூட தின்னவில்லை, அதுவாகவே செத்தது. பக்கத்து நிலத்துக்கார வெள்ளையன் இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாத்துக்கு வாத்தியாரே இந்தப் பாடு? இந்த மண்ணுல இன்னா தானா வருதோ அத்த வெய்ங்க. ஆடு வாய் வெக்காததா பாத்து வெய்ங்க."

அவன் பேச்சைக் கேட்டு, விடுமுறை நாளெல்லாம் காட்டில் அலைந்தேன். வேலி ஓரம் செங்காந்தள் கிழங்கு புதைத்தேன். மூலையில் நொச்சிக் குச்சி ஊன்றினேன். வாசலுக்கு ஆவாரை என்று முடிவு செய்தேன். வருஷத்தில் பாதி நாள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், தண்ணீர் கேட்காது, ஆடு திரும்பிப் பார்க்காது. காட்டில் ஆளுயரத்துக்கு நின்ற பன்னிரண்டு செடிகளைத் தோண்டிக் கொண்டுவந்து நட்டேன். பன்னிரண்டும் ஒரே வாரத்தில் காய்ந்தன. ஆணிவேர் பாதாளத்தில் இருக்கிறது, நான் வெட்டிக்கொண்டு வந்தது மேல்பாதியை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஆணிவேர், சல்லிவேர் பாடம் நடத்துகிறவன் நான்!

அதன்பின் விதையை மணலில் தேய்த்து, ஊறவைத்து, மழை விழுந்ததும் கயிறு பிடித்து வரிசை வரிசையாக விதைத்தேன். வெள்ளையனுக்குத் தாங்கவில்லை. காடு முழுக்கத் தானாக முளைத்துக் கிடக்கும் ஆவாரையை ஒருத்தன் கயிறு பிடித்து விதைக்கிறான் என்றால் யாருக்குத்தான் தாங்கும்?

"இது யாருக்கு வாத்தியாரே?"

வரப்போகிற பெண்டாட்டிக்கு என்று சொல்ல வெட்கம். "எல்லாம் வாணியம்பாடி மாமனார் வூட்டுக்குத்தான்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

"அந்த மண்டி சாயபுங்களா?" அவன் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்."

அந்த "அதானே"வை நான் அப்போதே நின்று விசாரித்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்தில் செடிகள் என் தோளுக்கு வந்தன. வாசல் முழுக்கப் பொன் கொட்டிக் கிடந்தது. நிக்காஹ்வுக்காக நான் கீழே இறங்கியபோது, "வூட்டப் பாத்துக்க வெள்ளையா, பொண்ணும் மாமனாரும் கூட வர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். பத்து நாள் கழித்து, ஆலங்காயத்திலிருந்து மாட்டுவண்டியில் மூவரும் மலை ஏறினோம். வழி நெடுக என் வாய் ஓயவில்லை. அடுத்த திருப்பத்தில் மஞ்சள் தெரியும், தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் என்றெல்லாம் அளந்தேன். ஜைத்தூன் முக்காட்டை லேசாக விலக்கி எட்டி எட்டிப் பார்த்தாள்.

திருப்பம் வந்தது. மஞ்சள் வரவில்லை.

வாசலில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கட்டைகள் நின்றன. பக்கத்தில் பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகள் குவிந்து கிடந்தன. செங்காந்தள் இருந்த இடத்தில் கால்தடங்கள்தான் இருந்தன. வாசலில் ஊரிலிருந்த ஆறு குடும்பத்து ஆட்களும் புதுத்துணி உடுத்தி நின்றிருந்தார்கள். முன்னால் வெள்ளையன்.

"சலாமுங்க சாயபு! வாத்தியாரு ரெண்டு வருசமா உங்களுக்குன்னு வளத்த பட்டைங்க. நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ரெண்டு நாளா எல்லாருமா உரிச்சோம். மழை தூறிச்சு. நனைஞ்சா கறுத்துப்பூடும்னு வூட்டுக்குள்ள அடுக்கிட்டோம்."

கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து பட்டை வாசனை ஆளையே தள்ளியது. கூடத்தில் கட்டு, சமையலறையில் கட்டு. ஜைத்தூனுக்காகச் செய்த புதுக் கட்டிலில் கூரைவரை கட்டு.

மாமனார் தொழில்காரர். பழக்கதோஷத்தில் ஒரு பட்டையை உருவி, வளைத்து, முறித்து, முனையைக் கடித்துப் பார்த்தார். "மாஷா அல்லா! முதல் தரம் மாப்ளே!" என்றார். மகள் பக்கம் திரும்பியதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஜைத்தூன் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாமனார் என்னைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. பொண்ண திருப்பிக் கூட்டிக்கினு போறேன். ஒரு வருசம் போவட்டும், செடி வளரட்டும், அப்பறமா அனுப்பறேன்."

கல்யாணமாகி மூன்றாம் நாள் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பிய வாத்தியார் என்று ஊர் பேசப்போவது காதில் கேட்டது. அவமானத்தைவிட, அவளுக்கு நான் சொல்லியனுப்பிய ஒரே வாக்கு இப்படி ஆயிற்றே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது. வெள்ளையனோ சிரித்த முகத்தோடு, "எப்புடி வாத்தியாரே?" என்று கேட்டபடி நின்றான். நான் மெல்லத் தலையாட்டினேன்.

அப்போதுதான் ஜைத்தூன் முதல்முறையாகப் பேசினாள். என்னிடம் அல்ல, வெள்ளையனிடம்.

"இந்தக் கட்டை மறுபடி தழையுங்களா?"

"நாலு மழை பெய்ஞ்சா போதும் தாயி. முன்ன விட புதராத் தழைஞ்சு பூக்கும்."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நீங்க பட்டைய வண்டியில ஏத்திக்கினு போங்க. நான் இங்கயே இருக்கேன்."

என் மனைவியின் டிரங்குப் பெட்டியை ஏற்றி வந்த அதே வண்டியில் பட்டைக் கட்டுகள் ஏறின. மாமனார் அவற்றின் உச்சியில் குந்திக்கொண்டு மலை இறங்கினார். மிச்சப் பட்டைக்கு வண்டி இன்னும் இரண்டு நடை போக வேண்டியிருந்தது. ஒரு மாதம் நாங்கள் கதவையும் ஜன்னலையும் திறந்தே வைத்துக் குடும்பம் நடத்தினோம். வெள்ளையன் சொன்னபடியே ஆவாரை மறு வருஷம் தழைத்துப் பூத்தது. அதற்குள், என் வாசல் ஆவாரையில் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று ஊர் முழுக்கத் தடை உத்தரவு போட்டிருந்தேன்.

"எல்லாரும் பொண்ணக் குடுத்து மாப்ளைய வாங்குவாங்க. நான் பொண்ணக் குடுத்து பட்டைய வாங்கினேன்" என்று மாமனார் கடைசிவரை எல்லாக் கல்யாணத்திலும் சொன்னார். இன்றும் எங்கள் குடும்பத்தில் புது மாப்பிள்ளை யாராவது அதிகம் அளந்தால், "மொதல்ல கட்டில்ல எடம் இருக்குதான்னு பாத்துட்டு வாங்க" என்று பெண்கள் வாயை அடைக்கிறார்கள்.

ஏன் அன்று அப்பாவோடு போகவில்லை என்று பேத்திகள் கேட்டால் ஜைத்தூன் சொல்லும் பதில் ஒன்றே. "ரெண்டு வருசம் வளத்த தோட்டம் போயிடுச்சு. வேற ஆம்பளையா இருந்தா அந்த வெள்ளையன கண்டபடி திட்டியிருப்பாங்க. உங்க தாத்தா ஒரு வார்த்தை பேசல. அந்தப் பொறுமையப் பாத்துதான் இருந்துட்டேன்."

பொறுமையுமில்லை, ஒன்றுமில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. இதை இத்தனை வருஷமாக நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது கண் மங்கலாகிவிட்டது. நான் எழுதுவதையெல்லாம் நானேதான் படித்துக் காட்டுகிறேன். இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டுப் படிப்பேன்.