நடுங்க மறுத்த கோடு

"சந்தேகப்படுற புருஷனா இவன்? சந்தைக்குப் போற புருஷன் மாதிரி இருக்கான்!"

முதலாளி திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார். அந்தச் சின்ன அனிமேஷன் கம்பெனியில் எல்லோரும் 'ஸ்கேல்' என்று கூப்பிடும் ஓவியன் கையைப் பிசைந்தான். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஸ்கேல் இல்லாமலே நேர்க்கோடு போடுவான். புயலை வரையச் சொன்னாலும் அது வரிசையில் நின்றுதான் வீசும்.

"கதை சரியாத்தானே சார் இருக்கு? பொண்டாட்டி மேல சந்தேகம், கடைசியில தனியா நிக்கிறான்..."

"கதையை வாயாலேயே சொல்லிடலாமே, எதுக்கு வரையணும்? அவன் மனசு ஆடுதுன்னா சுவரும் ஆடணும், நாற்காலியும் ஆடணும். கோடு நடுங்கணும்யா! வெள்ளிக்கிழமைக்குள்ள நடுங்கலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

ஸ்கேல் கையை ஆட்டி ஆட்டி வரைந்து பார்த்தான். குளிர்ஜுரக்காரன் வந்தான். இடது கையால் வரைந்தான். குடிகாரன் வந்தான். சந்தேகம் மட்டும் வந்தபாடில்லை.

கல்யாணமானதிலிருந்து மனைவியை ஒருநாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை, அதுதான் கோளாறு என்று முடிவுகட்டினான். கொஞ்சம் பட்டுப் பார்த்தால் என்ன? தொழிலுக்காகத்தானே!

வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்தான்.

"மத்தியானம் எங்க போயிருந்த?"

"தையல் கடைக்கு."

"எங்க, துணியைக் காணோமே?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "கடை... பூட்டியிருந்துச்சுங்க."

விளையாட்டாகக் கேட்டவன் அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் அவன் வரைந்த நாற்காலியின் கால் லேசாக ஆடியது.

"அட, பிடிச்சுட்டியே! இன்னும் கொஞ்சம்!" என்றார் முதலாளி.

அன்று வீட்டில் போன் அடித்தது. அவள் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"யாரு?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட இவ்வளவு நேரமா பேசுவாங்க?"

"பாவம்ங்க, நல்ல மனுஷன்."

மறுநாள் சுவரே ஆடியது. முதலாளி கைதட்டினார். ஸ்கேலுக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தான்.

"மாப்ளே, உங்க அக்கா யார்கூடடா போன்ல பேசிக்கிட்டிருக்கா?"

"மாமா, என்னைக் கேக்காதீங்க. அக்கா சத்தியம் வாங்கியிருக்கு" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியும் போயிற்று. அன்று ராத்திரி அவள் மறுபடி போனோடு பால்கனிக்குப் போனதும், மானத்தை விட்டுக் கதவில் காதை வைத்தான்.

"அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றாள் அவள், உள்ளடங்கிய குரலில். "எனக்கும் கஷ்டமா இருக்குங்க. வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்குவோம்."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். பிறகு நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தவன், தலை நிமிராமல் கடைசிக் காட்சியை வரைந்தான். காலி வீட்டின் வாசலில் கணவன் தனியாக நின்றான். கதவு நடுங்கியது, விளக்கு நடுங்கியது, அவன் நிழல்கூட நடுங்கியது.

வெள்ளிக்கிழமை படத்தைப் பார்த்துவிட்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுய்யா படம்! கதையில இருக்கிறது கோட்டுலயும் இருக்கு. உன்னை இனி யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

"அப்ப நான் இங்கேயே படுத்துக்கலாமா சார்?" ஸ்கேல் பையை மடியில் வைத்துக்கொண்டான். "இனிமே வீட்டுக்குப் போறதா இல்லை."

முதலாளியின் முகம் வெளிறியது. "யோவ், அவசரப்படாதே, நான் சொல்றதைக் கேளு..."

அதற்குள் வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை அவள் பார்க்கவில்லை.

"சார், ஸ்கேல் வீட்டம்மா லைன்ல இருக்காங்க. கோடு நடுங்கிடுச்சா, இல்ல நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி இன்னைக்கும் நடிக்கணுமான்னு கேக்குறாங்க!"