எங்கள் ஊருக்கு நோயைத் திருப்பித் தருவது குறித்து

வடபடுகை,
தை மாதம் எட்டாம் தேதி.

அன்பிற்குரிய மாப்பிள்ளை சகாயராஜுக்கு, உன் தாய்மாமன் அருள்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதல் வரியில் "இங்கு யாவரும் நலம்" என்று எழுதுவதுதான் முறை. நானும் இத்தனை வருடம் அப்படித்தான் எழுதி வந்தேன். இம்முறை அந்த வரிக்குக் கை வரவில்லை. அந்த ஒரு வரியை உங்கள் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்ததில் வந்த வினைதான் இவ்வளவும். ஆகவே இங்கு யாரும் நலமில்லை. நீயும், குத்தாலத்தில் இருக்கும் என் தங்கை ரோஸ்லினும், அதாவது உன் அம்மாவும், நலமாக இருந்தால் இருந்துவிட்டுப் போங்கள். ஆனால் அதை எழுத்தில் மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

போனில் சொல்லலாமே மாமா என்பாய். சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் உன் அத்தை அமலோற்பவம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். தஞ்சாவூரில் சுகாதார ஆபீசில் உட்கார்ந்து எந்த ஊரில் எந்த நோய் எத்தனை பேருக்கு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன் நீ. உன்னால் ஆகக்கூடிய ஒரு சின்ன உதவிக்காகத்தான் எழுதுகிறேன். உதவி சின்னது, கதைதான் கொஞ்சம் நீளம்.

சென்ற ஆடியில் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. ஆண்டுச் சுகாதாரத் திட்டம் என்று பெயர். எங்கள் ஊர் நர்சம்மா ஷம்சாத் சிஸ்டர் ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வர்ற வருஷத்துக்கு நம்ம ஊருக்கு முக்கியமா வேண்டிய மூணு சுகாதார வசதி என்னன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். எங்களிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் ஆளாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும் என்றார், அது செத்த பிறகு வேண்டிய வசதி என்று சிஸ்டர் தள்ளிவிட்டார். இன்னொருவர் குரங்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். மூன்றாமவர் எட்டரை மணி திருக்காட்டுப்பள்ளி பஸ் ஒன்பதேகாலுக்கு வருவதால் தனக்கு ரத்தக் கொதிப்பு வருகிறது, ஆகவே அதுவும் சுகாதாரம்தான் என்று வாதாடினார். சிஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்க எத்தனை பேருக்கு சுகர் இருக்கு? அதைச் சொல்லுங்க. கையத் தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழவில்லை. எனக்குப் பதினாலு வருடமாக இருக்கிறது, மாத்திரை கொடுப்பதே அந்த சிஸ்டர்தான், நேராக என்னைத்தான் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "சரி, முகாம் போட்டுப் பாத்துடுவோம். எந்த ஊர்ல அதிகமோ அந்த ஊருக்கு வெள்ளிக்கிழமை தோறும் மருந்து வேன் வரும், கால் புண் பாக்குற டாக்டரும் கூட வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் குழப்பம் எங்கே வந்தது என்றால், இடத்தில் வந்தது. பஞ்சாயத்துக் கட்டடம் முழுக்க உர மூட்டை. அதனால் புரட்டாசியில் முகாமை ரேஷன் கடை வாசலில் போட்டார்கள். முகவரி பார்க்க வேண்டும் என்று எல்லோரையும் ரேஷன் கார்டோடு வரச் சொன்னார்கள். மேசைமேல் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார்கள், சர்க்கரை உள்ளவர்கள் அரிசியைக் குறைத்துக் கோதுமை, கேழ்வரகு சேர்க்கவும் என்று. ரேஷன் கடை, ரேஷன் கார்டு, அரிசியைக் குறை. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தது கீழத்தெரு பிரகதாம்பாள் அம்மா. "சுகர் இருக்குன்னு தெரிஞ்சா கார்டுல அரிசிய வெட்டிட்டுக் கோதுமை போடப் போறாங்களாம்" என்றார். அவர் வாயிலிருந்து வரும்போது "போறாங்களாம்". டீக்கடைக்கு வருவதற்குள் "போட்டாச்சு". நடவு முடிந்து கரையேறுவதற்குள் அரசாணை நம்பர் வரை சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை, எங்களிடம் நிலத்தை எடுத்துக்கொள்வேன் என்றால் கோர்ட்டுக்குப் போவோம், தண்ணீரை நிறுத்துவேன் என்றால் ரோட்டில் உட்காருவோம். மூன்று வேளையும் சப்பாத்தி என்றால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது.

அன்று பெண்கள் எல்லாம் நடவுக்குப் போய்விட்டார்கள், முகாமுக்கு வந்தது ஆண்கள்தான். ஷம்சாத் சிஸ்டருக்கு அன்றைக்கென்று பயிற்சி வகுப்பு. வந்தவர்கள் நர்சிங் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகள் நாலு பேர், நாலு மேசை, எங்கள் முகம் ஒன்றும் தெரியாது. முதலில் போய் விரலை நீட்டியது வீரையன். அவரை உனக்குத் தெரியும். நான் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையில் இருந்த முப்பத்தோரு வருடமும் என்னோடு வாய்க்கால் கரையில் நடந்தவர், இன்றைக்கும் மண்வெட்டியை எடுத்தால் இரண்டாள் வேலை செய்கிறவர். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு என்று மிஷினில் வந்தது. அந்தப் பெண் கையே தட்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு யாருக்காவது வந்திருக்கலாம், எனக்கா வரவேண்டும். ஒரு வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடி, பக்கத்து வாய்க்கால் வறண்டு கிடந்தால் லஸ்கர் என்ன செய்வான்? திருப்பி விடுவான். நானும் வீரையனைத் திருப்பி விட்டேன்.

எங்கள் ஊரில் சர்க்கரை உள்ள ஆண்கள் என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். வீரையன் பத்துப் பேர் கார்டையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனார். ஒரு தடவை தலைப்பாகை, ஒரு தடவை என் மூக்குக் கண்ணாடி, ஒரு தடவை பிரகதாம்பாள் வீட்டுக்காரரின் மடிப்புக் கலையாத சட்டை. ஆறாவது பெயருக்கு ஒரு பெண், "ஐயா, விரல்ல ஏற்கெனவே குத்தியிருக்கே?" என்று கேட்க, "கருவேல முள்ளும்மா" என்றார், கண்ணிமைக்காமல். மனிதனுக்கு விரல் பத்துதான். அவருடைய சொந்தப் பெயருக்கு ஒன்று போய்விட்டது, கடைசியாக நின்ற என் பெயருக்கு விரல் இல்லை. பழைய ஓட்டையிலேயே பிதுக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் சர்க்கரை போட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தோம், அதனால் எனக்கு வரும்போது நூற்று முப்பத்தெட்டு ஆகிவிட்டது. கடன் வாங்கிய ரத்தத்திலும் எனக்குத்தான் அதிகம் பார். ஆனாலும் பாஸ்.

கார்த்திகையில் உங்கள் ஆபீசிலிருந்து தாள் வந்தது. வடபடுகையில் சர்க்கரை நோய் அறவே இல்லை. மருந்து வேனும் கால் டாக்டரும் பக்கத்து ஊர் கீழ்ப்படுகைக்கு. எங்களுக்கு 'நலமிகு ஊர்' என்று ஒரு போர்டும், ஒரு பாராட்டு விழாவும். விழாவுக்கு வந்த பெரிய டாக்டர், உங்கள் ஊரின் ரகசியம் என்ன என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்கள். நான், "பழைய சோறு, வரப்பு நடை, பொய் சொல்லாத மனசு" என்றேன். கைதட்டினார்கள், துண்டு போட்டார்கள். பயிற்சி முடிந்து வந்திருந்த ஷம்சாத் சிஸ்டர் கடைசி வரிசையில் கைதட்டாமல் நின்றார். விழா முடிந்ததும், "அண்ணே, பதினாலு வருஷ சுகரு ஒரே நாள்ல எங்கண்ணே போச்சு? இந்த லிஸ்ட்டுல உங்க பேரு இல்ல, நான் எப்படி மாத்திரை தர்றது? வந்து உண்மையச் சொல்லிட்டு மறுபடி குத்திக்குங்க" என்றார். துண்டு தோளில் கிடக்கும்போது எப்படிச் சொல்வது? "பாக்கலாம் சிஸ்டர்" என்றேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழ்ப்படுகைக்கு பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஒரு தலைத்துண்டு. அதற்கு முன் சீட்டில் இரண்டு. இறங்கிப் பார்த்தால் மருந்து வேன் வரிசையில் நாங்கள் பத்துப் பேரும் நிற்கிறோம், ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி. வேனில் இருந்தவர், "கீழ்ப்படுகைல எந்தத் தெரு?" என்று கேட்டார். பிரகதாம்பாள் வீட்டுக்காரர் வாயில் வந்ததைச் சொல்ல, அது மாரியம்மன் கோயில் குளம் இருக்கிற இடம் என்று பின்னால் நின்ற கிழவர் சொல்லிவிட்டார். ஒருவருக்கும் மாத்திரை இல்லை, ஆனால் பத்துப் பேரையும் குறித்துக்கொண்டார்கள். கீழ்ப்படுகையில் திடீரென்று பத்து சர்க்கரை நோயாளிகள் கூடிவிட்டதாக உன் கம்ப்யூட்டரில் வந்திருந்தால் பயப்படாதே. அது நாங்கள்தான்.

இதுவரை எழுதியதை நீ சிரித்துக்கொண்டே படித்திருப்பாய். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், மார்கழி வரைக்கும். மார்கழியில் புதுச் செருப்பு கடித்து இடது காலில் ஒரு புண். வலியே இல்லை, அதனால் விட்டுவிட்டேன். ஒரு மாதமாகிறது, ஆறவில்லை. உன் பெரிய மாமா ரெமிஜியசுக்கும் வலிக்காத புண்தான். வலிக்கலையே, வலிக்கலையே என்று சொல்லிச் சொல்லியே கால் முழங்காலோடு போனது. ஆஸ்பத்திரியில் அவர் போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உன் அத்தையிடம் சேற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். டைப்பிங் பிழை என்று போட்டு எங்கள் பத்துப் பேருக்கும் அந்தச் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிடு. எங்கள் ஊருக்கும் வேன் வரும், என் காலும் தப்பும், பேச்சுக்குக் கிடைத்த துண்டும் மானத்தோடு தோளில் கிடக்கும். வீரையன் பெயரை மட்டும் தொடாதே. எங்கள் ஊர் லிஸ்டில் இருக்கும் ஒரே உண்மை அவர்தான். அந்த ரத்தம் தங்கம். அந்த நன்றியை நாங்களும் மறக்கவில்லை. தீபாவளிக்குப் பத்து வீட்டு அதிரசம், கிறிஸ்துமசுக்கு என் வீட்டு கேக், இப்போது பொங்கலுக்குப் பத்துப் பாத்திரம் சர்க்கரைப் பொங்கல், எல்லாம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனது. மனிதர் மறுக்கவே மாட்டார்.

பூண்டி மாதா உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல இடத்தில் ஒரு பெண்ணையும், மாமன் சொன்னால் தட்டாத மனசையும் தருவாராக. ரோஸ்லினிடம் அண்ணன் விசாரித்ததாகச் சொல். காலைப் பற்றிச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் மாமன்,
ம. அருள்சாமி,
லஸ்கர் (ஓய்வு).

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே கிழித்துப் போட்டுவிடு. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வீரையன் வந்தார். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். பத்து நாளாகவே நாக்கு வறள்கிறதாம், வாய்க்காலுக்குப் போனால் ஐந்து தடவை ஒதுங்க வேண்டியிருக்கிறதாம். எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருந்த ஷம்சாத் சிஸ்டரை உன் அத்தை கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். முன்னூற்றுப் பதினெட்டு. முகாமில் நடந்ததை ஒன்று விடாமல் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். "சும்மா நாலு அதிரசத்துல வர்றதில்லண்ணே இது. முகாமன்னைக்கே கொஞ்சம் ஏறிக்கிட்டேதான் போயிருக்கு, யாரு பாத்தா? இவரு நல்லா இருக்காருன்னு எழுதியிருந்துச்சு, நானும் இந்தத் தெரு வழியாப் போகும்போதெல்லாம் கேக்காமலே போயிட்டேன்" என்றார் சிஸ்டர். உன் அத்தை என் காலருகே உட்கார்ந்து புண்ணில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். சிஸ்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நானும் வீரையனும். டைப்பிங் பிழை என்று போடாதே. பத்து இல்லை, பதினொன்று. பிழை செய்தவன் பெயரை முதலில் போடு, எழுத்துப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிஸ்டர் ஊசியை எடுத்ததும் வீரையன் வழக்கம்போல விரலை நீட்டினார். நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "இது யாரு பேருக்குண்ணே?" என்று கேட்டார்.